ஆண் பூலா

பதினோரு தெருவுக்கு வால்வு திறப்பவன் நான்.
மேட்டூரிலிருந்து வருகிற காவிரி
என் சாவி சுற்றினால்தான்
அழகாபுரத்துக் குடங்களில் இறங்கும்.
என் வீட்டுக்கு ஒன்பது நாளைக்கு ஒருமுறை,
அதுவும் விடிகாலை மூன்று மணிக்கு,
வசந்தாமணி விழித்திருந்தால்.

வீட்டுக்கு மேற்கே நாலடிச் சந்து.
நாலடியா மூன்றடியா என்பது
முன்சீப் கோர்ட்டில் இருக்கிறது.
தெய்வசிகாமணி மூன்று மாடி எழுப்பியபின்
வெயில் அங்கே வருவதை விட்டுவிட்டது.
மழையும்தான்;
அவர் சன்ஷேடு வாங்கிக்கொள்கிறது.
மிச்சத்தை வேப்பமரம்.

ஏற்காடு மலர்க்காட்சியில் வாங்கிய ரோஜா
பதினெட்டு நாள் இருந்தது.
குரோட்டன்ஸ் நாற்பது.
மணி பிளாண்ட்கூட ஒரு சாயங்காலம்
மன்னிப்புக் கேட்பதுபோல்
இலையைத் தொங்கப்போட்டுச் செத்தது.

குரும்பப்பட்டி தாண்டி, மலையடிவாரத்தில்
பைப்லைன் உடைப்புக்குப் போன இடத்தில்
முள்ளோடு நின்றது பூலா.
சோற்றுப் பருக்கையை உருட்டி வைத்தாற்போல
கொம்புக்குக் கொம்பு வெள்ளைப் பழம்.
வாயில் போட்டேன்.
இனிப்பு என்று சொல்லிவிட முடியாது,
இனிக்கலாமா என்று யோசிக்கிற ருசி.
விதையைத் துப்பாமல்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஏழில் ஒன்று முளைத்தது.
கடப்பாறை போட்டால்
வெள்ளைக்கல் தெறிக்கிற மண் எங்களுடையது.
முதல் கோடைக்கு மட்டும் வாரம் ஒரு சொம்பு,
அதுவும் அரிசி களைந்தது.
பிறகு வேப்பஞ்சருகைக் காலடியில் தள்ளிவிட்டு
பார்க்காத மாதிரி இருந்தேன்.
அதிகம் பார்த்தால் சில செடிக்கு ஆகாது.

இரண்டாம் வருஷம் இடுப்பளவு.
வெளிச்சம் எங்கே என்று
சுவர்ப்பக்கமாய்க் கழுத்தை நீட்டிக்கொண்டே.
மூன்றாம் வருஷம் பூ.
கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு.
பச்சையா மஞ்சளா, அதற்கே தெரியாது.
ஈ மொய்த்தது. உதிர்ந்தது.
நாலாம் வருஷமும்
மொய்த்தது, உதிர்ந்தது.
"பட்டினி போட்டா எப்படிக் காய்க்கும்?"
என்றாள் வசந்தாமணி.
சாணம் வைத்தேன்.
இலைதான் கொழுத்தது.

கரண்டு கணக்கெடுக்க வந்த தமயந்தி
மீட்டருக்குப் போகும் வழியில்
துப்பட்டாவை முள்ளில் மாட்டிக்கொண்டு
குனிந்தவள் நிமிரவே இல்லை.
படித்தது தாவரவியல் எம்.எஸ்ஸி.,
வேலை கிடைத்தது மின்வாரியத்தில்.
ஒரு பூவை நகத்தால் பிரித்துப் பார்த்தாள்.
"ஆண் செடிங்க இது.
பூலாவுல ஆண் வேற, பெண் வேற.
இது சாகிற வரைக்கும் பூக்கும்,
காய்க்காது."
முந்நூற்றுப் பன்னிரண்டு யூனிட் என்று
அட்டையில் எழுதிவிட்டுப் போனாள்.

அன்றைக்கு வசந்தாமணி
என்னோடு அதிகம் பேசவில்லை.
ஒரு டாக்டர் இதே குரலில்
எங்களிடம் பேசியிருக்கிறார், ரொம்ப நாள் முன்னே,
வேறொரு காகிதத்தைக் காட்டி.
வெட்டிவிடலாம் என்று அரிவாள் எடுத்தேன்.
எடுத்த கைக்கு ஒரு வேலை வேண்டுமே,
தேங்காய் உடைத்தேன்.

ஐப்பசியில் ஒரு காலை
வால்வை மூடிவிட்டு வருகிறேன்.
சுவருக்கு அந்தப்பக்கம்
தெய்வசிகாமணியின் பேத்தி
எம்பி எம்பி எதையோ பறிக்கிறாள்.
அவர்கள் செப்டிக் டேங்க் மூடியோரம்
எந்தக் குருவியின் எச்சமோ,
யாரும் நடாத பூலா ஒன்று
வளைந்து, வெள்ளை வெளேரென்று.

ஆறு வருஷமாய் வாய்தா வாங்குகிற சுவர் அது.
இரண்டு சர்வேயர் சங்கிலி பிடித்தாயிற்று,
இரண்டு கணக்கு வந்தாயிற்று.
ஈக்கள் போய்வந்த வழி
இரண்டிலும் இல்லை.

சுவருக்கு மேலே ஒரு கை வந்தது.
உள்ளங்கையில் ஆறு பழம்,
இரண்டு நசுங்கி.
"தாத்தா குடுக்கச் சொல்லலீங்க.
நானாத்தான்."

வசந்தாமணி முந்தானையில் வாங்கினாள்.
நசுங்கியதை முதலில் தின்றாள்.
எனக்கு ஒன்று தந்தாள்.
மிச்சத்தை எண்ணெய்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில்
வைத்திருக்கிறாள், ஏனென்று கேட்கவில்லை.

வாய்தா பதினேழாம் தேதி.
லீவு சொல்லியாயிற்று.
மனுவில் செடியைப் பற்றி
ஒன்றும் எழுதியிருக்கவில்லை.